அலுமாரி மேல் கிடந்த சப்பாத்து

கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, பழைய மாணவி என்ற முறையில் கல்வியின் சிறப்பைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை, நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். பெற்றோர் இதை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. மாணவிகள் வாசித்துவிட்டு உம்மாவிடம் கொடுத்தாலும் போதும். வாப்பாவிடம் கொடுத்தால் இன்னும் நல்லது.

என் மகள் பத்தாம் ஆண்டில் படித்தபோது வலயமட்டப் போட்டியில் 1500 மீற்றரில் இரண்டாமிடம் வந்தாள். நீண்ட காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாகத்தான் ஓடினாள். அவளுடைய விளையாட்டு ஆசிரியை என்னைத் தேடி வந்து, "இவளுக்கு வேகத்தை விட மூச்சுத்தான் பலம், நீண்ட தூரத்துக்கு நல்ல பிள்ளை, மாகாணப் போட்டிக்குப் பழக்குவோம்" என்றார். நான் மறுத்துவிட்டேன். சாதாரண தரப் பரீட்சை வருகிறது, ஸ்பிரிங்வெளிக்குப் பின்னேர பஸ் பிந்திவிடும், ஊர் என்ன சொல்லும் என்று மூன்று காரணங்கள் சொன்னேன். சொல்லாத நான்காவது காரணம் ஒன்றும் இருந்தது: என்னையும் அதே வயதில் நிறுத்தினார்கள், நானும் பேசாமல் நின்றேன், எனக்கு என்ன குறைந்துவிட்டது?

மகள் என்னோடு வாதாடவில்லை. அன்று பின்னேரம் சப்பாத்தைக் கழுவி, வெயிலில் காய வைத்து, ஷொப்பிங் பேக்கில் சுற்றி, அலுமாரிக்கு மேலே வைத்தாள். அது பதினொரு மாதம் அங்கேயே கிடந்தது. கூட்டித் துடைக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் பட்டது. ஒருநாள்கூட நான் அதைக் கீழே எடுக்கவில்லை.

கீழே இறக்க வைத்தது என் சீனி வருத்தம். கிளினிக்கில் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர், குளிசை எழுதியபடியே, "ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும் டீச்சர், கடைக்குப் போய்வருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்றார். மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு, பஸாரிலிருந்து தோட்டத்துப் பக்கம் ஏறும் பாதையில் நடக்கத் தொடங்கினேன். முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. கல்லொன்றில் குந்தினேன். துணைக்கு வந்த மகள் சொன்னாள்: "உம்மா, நீங்க கோபத்துல நடக்கிறீங்க. என்னோட கதைச்சிட்டே நடக்க ஏலுமான வேகத்துல நடங்க. கதைக்க ஏலாட்டி அது கூடுதலான வேகம்."

அந்த ஒரு வசனத்தில் எவ்வளவு விடயம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. உலகத்தில் மிக நீண்ட தூரம் ஓடுகிறவர்களும் நீந்துகிறவர்களும் தங்கள் பயிற்சியில் பெரும்பங்கை அந்த வேகத்தில்தான் செய்கிறார்கள். என் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்த பிள்ளையின் சப்பாத்தைத்தான் நான் அலுமாரிக்கு மேலே ஏற வைத்திருந்தேன்.

மகள் எனக்கு ஒரு பெயரையும் சொன்னாள்: அனு வைத்தியநாதன். இந்தியப் பெண். பொறியியல் படித்து, நியூசிலாந்தின் கன்டபரி பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சொந்தமாக ஒரு நிறுவனம் நடத்தியவர். விளையாட்டு அவருக்குச் சம்பளம் தரும் தொழிலாக இருக்கவில்லை. வேலைக்கும் படிப்புக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் அவர் பழகியது டிரையத்லன் என்னும் மும்முனைப் போட்டி. முதலில் நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள் ஓட்ட வேண்டும், சைக்கிளை வைத்துவிட்டு ஓட வேண்டும். நடுவில் கடிகாரம் நிற்பதில்லை.

இந்தப் போட்டியில் பல அளவுகள் உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னியில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட அளவு 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். 'அயர்ன்மேன்' எனப்படும் நீண்ட போட்டியில் 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிளோட்டி, முழு மரதனான 42.2 கிலோமீற்றரையும் ஓட வேண்டும். வழமையாக 17 மணித்தியாலம் தருவார்கள். அதற்கும் அப்பால் 'அல்ட்ராமேன்' என்று ஒன்று இருக்கிறது: மூன்று நாட்களில் 10 கிலோமீற்றர் நீச்சல், 420 கிலோமீற்றர் சைக்கிள், 84 கிலோமீற்றர் ஓட்டம். 2009இல் கனடாவில் நடந்த அல்ட்ராமேன் போட்டியை அனு வைத்தியநாதன் முடித்தார். அதை முடித்த முதல் ஆசியப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். தன் அனுபவங்களை 'எனிவேர் பட் ஹோம்' என்ற ஆங்கிலப் புத்தகமாக 2016இல் வெளியிட்டார்.

இதெல்லாம் நமக்கு எதற்கு, நம் பிள்ளைகள் கனடாவுக்கா போகப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் இந்தப் போட்டி நம் நாட்டுக்கே வந்துவிட்டது. அயர்ன்மேனின் அரைவாசித் தூரத்துப் போட்டி 2018 பெப்ரவரியில் கொழும்பில் முதன்முறையாக நடந்தது: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். 90 கிலோமீற்றர் என்றால் நம் கணக்கில், பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் பண்டாரவளைக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுடைய ஆசை அதுதான். இருபத்தைந்து வயதுக்குள் ஒருநாள் அந்த அரைவாசித் தூரத்தை முடிக்க வேண்டும். முதலாமிடம் வேண்டாம், நேரத்துக்குள் முடித்தால் போதும் என்கிறாள்.

அவளுக்கு இன்னும் நீந்தத் தெரியாது. அதை மறைத்து எழுத மாட்டேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம் பெண்பிள்ளைகளை ஒன்பதாம் பத்தாம் ஆண்டோடு மைதானத்திலிருந்து மெல்ல ஒதுக்கிவிடுகிறோம். யாரும் சட்டம் போடுவதில்லை. பாடசாலை தடுப்பதுமில்லை. நாம், வீட்டில் இருக்கும் உம்மாமார், ஒரு பார்வையாலும் ஒரு பெருமூச்சாலும் அதைச் செய்துவிடுகிறோம். இது பிழை. குறிப்பாக, நீண்ட தூரப் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தமானது. ஏனென்று பெற்றோரின் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன். இவை அனைத்தும் நானே கேட்ட கேள்விகள்தான்.

பெண்ணின் உடம்பு தாங்குமா?

இந்தக் கேள்வி நம் ஊரில் மட்டும் கேட்கப்பட்டதல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டம் நடந்தது. ஓடி முடித்தவர்கள் களைத்துப்போனதைப் பெரிதாகக் காட்டி, அந்த ஓட்டத்தையே நீக்கிவிட்டார்கள். 1960 வரை அது திரும்பி வரவில்லை. பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் வந்தது 1984இல்தான். 1978இல் ஹவாய்த் தீவில் முதலாவது அயர்ன்மேன் நடந்தபோது 15 பேர் தொடங்கினார்கள், எல்லோரும் ஆண்கள். மறுவருடம் லின் லெமேர் என்ற ஒரே ஒரு பெண் கலந்துகொண்டு, ஆண்களோடு சேர்த்து மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். உடம்பு தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் அப்போதே கிடைத்துவிட்டது. நம் பக்கத்தில் முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் தங்கம் வென்று வந்தார். அந்தச் செய்தியை நாம் எல்லோரும் கைத்தொலைபேசியில் பார்த்து மாஷா அல்லாஹ் என்று பகிர்ந்தோம். பகிர்ந்துவிட்டு மகளை விளையாட வேண்டாம் என்றோம்.

நம் மலையில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. நாங்கள் இருவரும் காலையில் நடக்கும்போது, பெரட்டுக்குப் போகும் அக்காமார் எதிரே வருவார்கள். ஆரம்பத்தில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னா டீச்சரம்மா, நாங்க சம்பளத்துக்கு ஏறுற மலைய நீங்க சும்மா ஏறுறீங்க?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நமுனுகுலை அடிவாரத்துச் சரிவுகளில் கொழுந்துப் பாரத்தோடு ஏறி இறங்கும் அந்தக் கால்களைவிட எந்தப் போட்டியாளரின் கால்கள் பலமானவை? ஆனால் அவரிடம் பேசப் பேச எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் இன்று கூட்டினால் நாளை குறைப்பார்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காம் வாரம் இறக்குவார்கள். உடம்பு பலம்பெறுவது ஓடும்போதல்ல, ஓடியபின் உண்டு உறங்கும்போது. அந்த அக்காவுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. மலையிலிருந்து இறங்கினால் அடுப்படி. அதனால்தான் அத்தனை உழைத்தும் முழங்காலும் இடுப்பும் தேய்கின்றன. நம் வீட்டுப் பெண்களுக்கும் இதே கதைதான். "வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சி" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓய்வைக் கணக்கில் எடுக்காத எந்த வேலையும் பயிற்சியாகாது.

படிப்புக் கெட்டுப்போகாதா?

இந்தப் பயத்தில்தான் நான் மகளை நிறுத்தினேன். நிறுத்திய பதினொரு மாதத்தில் அவளுடைய புள்ளிகள் கூடவில்லை. மிச்சமான நேரம் கைத்தொலைபேசிக்குப் போனது. மீண்டும் தொடங்கியபின், காலையில் நாற்பது நிமிடம் போய்விட்டு வந்து படிக்க உட்கார்ந்தாள். அவள் ஒருத்தியை வைத்துச் சட்டம் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நீண்ட தூரப் பயிற்சியின் தன்மையே படிப்பின் தன்மைதான். ஒரே இரவில் படித்து உயர்தரம் சித்தியடைய முடியாதது போல, ஒரே வாரத்தில் பழகி 21 கிலோமீற்றர் ஓட முடியாது. அரைவாசித் தூரப் போட்டிக்குப் பழகும் ஒரு சாதாரண ஆள் நான்கைந்து மாதம், வாரத்துக்கு எட்டுப் பத்து மணித்தியாலம் ஒதுக்குகிறார். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறார். பாய்ந்து கூட்டினால் எலும்பும் தசைநாரும் பழிவாங்கிவிடும். சிறுகச் சிறுகச் சேர்ப்பதைப் பிள்ளைக்கு இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் எனக்குத் தெரியவில்லை. பரீட்சைக் காலத்தில் குறைக்கலாம். றமழானில் இஃப்தாருக்குச் சற்று முன்னர் மெல்ல நடப்பதோடு நிறுத்தலாம். குறைப்பது வேறு, விடுவது வேறு.

ஒழுக்கத்துக்கு இது பொருந்துமா?

ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி முந்திய சம்பவத்தை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். சில காலம் கழித்து, உடல் பருத்திருந்தபோது மீண்டும் ஓடி, நபியவர்கள் முந்தினார்கள் என்பதும் அதே அறிவிப்பில் வருகிறது. அதை நாம் கணவன் மனைவி அன்புக்கு உதாரணமாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். அங்கே ஓடியது ஒரு பெண் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

உடை ஒரு தடையாக இருந்த காலம் உண்மையில் இருந்தது. அதைப் போட்டது நம் சமூகம் மட்டுமல்ல. தலையை மறைத்து விளையாட உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2014இல்தான் முறையாக அனுமதித்தது. கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல் அனுமதித்தது. இடையில் 2016இல், இப்திஹாஜ் முஹம்மத் தலையை மறைத்தபடி அமெரிக்காவுக்காக வாள்வீச்சில் ஆடி ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். எத்தியோப்பியாவில் பிறந்து, பதினைந்து வயதில் அகதியாக நெதர்லாந்து சென்ற சிபான் ஹசன், 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் 5000 மீற்றர், 10,000 மீற்றர் இரண்டிலும் வெண்கலம் பெற்று, சில நாட்களில் மரதனில் தங்கமும் பெற்றார். அந்தத் தங்கத்தை வாங்க மேடையேறியபோது ஹிஜாப் அணிந்திருந்தார். உலகம் கதவைத் திறந்துவிட்டது. நாம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதவு பூட்டியிருக்கிறது என்கிறோம்.

பாதுகாப்பு?

இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்க மாட்டேன். நம் மலைப் பாதைகளில் வளைவில் பஸ் திரும்பும்போது ஒதுங்க இடமில்லை. நாய்கள் உண்டு. மழைக்குப் பின் அட்டை. தேயிலைக்குள் குளவிக் கூடு கலைந்தால் உயிருக்கே ஆபத்து. அதோடு, பெண்பிள்ளை தனியாக ஓடினால் பின்னால் ஹோர்ன் அடித்துக் கேலி செய்கிறவர்களும் உண்டு. இதற்கெல்லாம் ஒரே பதில்தான் எனக்குத் தெரியும்: கூட்டம். நானும் மகளும் இருவராக நடந்தபோது கேலி பேசிய பெடியன்கள், பக்கத்து வீட்டு ராத்தாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஐந்து பேரானதும் வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது எட்டுப் பேர். தேநீர்க் கடை நானா எங்களைக் கண்டுதான் கடை திறக்கும் நேரம் பார்க்கிறேன் என்கிறார். பிள்ளையைப் பாதையிலிருந்து எடுத்துவிடுவது ஒரு வகைப் பாதுகாப்பு. நாமும் பாதைக்குப் போய் நிற்பது இன்னொரு வகை. இரண்டாவதில் பிள்ளைக்கு நட்டமில்லை.

செலவு?

பந்தயச் சைக்கிள் இலட்சக் கணக்கில் விலை. அது எங்கள் வீட்டுக்கு எட்டாது. ஆகவே மகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: இப்போது ஓட்டம் மட்டும். உழைக்கத் தொடங்கியபின் சைக்கிளை நீயே வாங்கு. அவள் சம்மதித்தாள். ஒரு நல்ல சப்பாத்து போதும் தொடங்க. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையான குமார் சண்முகேஸ்வரன் 10,000 மீற்றரில் நாட்டின் சம்பியனாக வந்தது பணக்கார வீட்டிலிருந்தல்ல. மேடு எல்லோருக்கும் இலவசம். நம் ஊரில் அது தாராளமாக இருக்கிறது.

செலவு செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது சாப்பாடு. இதைத் தாய்மாரிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து, தொடர்ந்து முயன்றால் ஏறக்குறைய ஒன்றரை இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் நீண்ட போட்டியில் ஓடிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். நமக்கு விலைகூடிய பைக்கற்றுகள் தேவையில்லை. பேரீச்சம்பழம், வாழைப்பழம், உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் போதும். அடுத்தது இரும்புச்சத்து. பெண்பிள்ளைகளில் களைப்புக்கு அதன் குறைவும் ஒரு முக்கிய காரணம். கீரை, பருப்பு, நெத்தலி, ஈரல் எல்லாம் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டுச் சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்டீயும் கொடுக்கிறோம். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது. தேயிலை மலையில் பிறந்த நமக்கு இது கசப்பான செய்திதான். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்து, சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளியைச் சேர்த்தால் அதே கீரை இரட்டிப்புப் பலன் தரும். இன்னொன்று: பயிற்சி செய்யும் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால் அதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்லும் எச்சரிக்கை அது. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மகள் இப்படியான விடயங்களை என்னிடம் பேசத் தொடங்கியதே அந்தக் காலை நடையில்தான். வீட்டுக்குள் முகத்தைப் பார்த்துப் பேச வராத பேச்சு, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வந்துவிடுகிறது.

இனி நீச்சல். இங்கேதான் என் கருத்து ஒரு கோரிக்கையாக மாறுகிறது.

நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? என் வகுப்பில் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. கேட்ட எனக்கும் தெரியாது. ஆறும் அருவியும் குளமும் நிறைந்த மாகாணம் இது. சுற்றுலா போனால் முதலில் தண்ணீருக்குத்தான் போகிறோம். ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் எங்கேயாவது ஒரு பிள்ளை மூழ்கிய செய்தி வருகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2021இல், ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. அந்த அளவுக்கு இது உலகப் பிரச்சினை. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய் நீந்தியே திரும்பி வந்தவர். அவரே 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். தண்ணீர் வல்லவனுக்கும் தயவு காட்டாது. அப்படியிருக்க, ஒன்றுமே தெரியாமல் நம் பிள்ளைகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் விடுகிறோம். ஆண்பிள்ளைகளாவது ஆற்றில் விழுந்தெழுந்து பழகிக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, கிடைக்கக்கூடிய ஒரு நீச்சல் தடாகத்தில், வாரத்தில் ஒருநாள், பெண்களுக்கு மட்டும், பெண் பயிற்றுநரோடு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கித் தரும்படி பெற்றோரும் பழைய மாணவிகளும் கூடிக் கேட்போம். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குப் பழைய மாணவிகள் பொறுப்பெடுப்போம். என் பங்கை இங்கேயே எழுதி வைக்கிறேன். இரண்டு, இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்தபின்னும் நீண்ட தூர நடை, ஓட்டக் குழு ஒன்று வருடம் முழுவதும் இயங்கட்டும். அதில் வெற்றி தோல்வி வேண்டாம். வந்தவர் எல்லோரையும் சேர்க்கலாம். மூன்று, பிள்ளையைப் போட்டியிலிருந்து எடுக்க வரும் பெற்றோரிடம் ஆசிரியர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "பிள்ளையிடம் கேட்டீர்களா?" என்னிடம் அன்று யாராவது அதைக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. மாகாணப் போட்டிக்கான அந்த வயது மகளுக்குக் கடந்துவிட்டது. அவள் என்னைக் குறை சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது. அவளுடைய உம்மும்மா இன்னும், "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்டம்" என்றுதான் சொல்கிறார். வாப்பா ஓட்டத்துக்குச் சரி என்கிறார், சைக்கிளுக்கு வாயைத் திறப்பதில்லை. மகள் எட்டுக் கிலோமீற்றர் வரை நிற்காமல் ஓடுகிறாள். அதில் கடைசி இரண்டு கிலோமீற்றர் மேடு. நான் நிற்காமல் நாலு கிலோமீற்றர் நடக்கிறேன். முதல் வளைவில் குந்திய கல்லை இப்போது கடந்து போகிறேன். சீனி குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். டொக்டர் குளிசையை இன்னும் நிறுத்தவில்லை.

அலுமாரிக்கு மேலே கிடந்த அந்தப் பழைய சப்பாத்து மகளுக்கு இப்போது அளவில்லை, கால் வளர்ந்துவிட்டது. அதைப் பக்கத்து வீட்டு ராத்தாவின் இளையவள் போட்டுக்கொண்டு வருகிறாள். பெருவிரல் பக்கம் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கிறாள்.

சுபஹுக்குப் பிறகு, விடிந்து பாதை தெரியத் தொடங்கும் நேரத்தில், பஸாரிலிருந்து புறப்படுகிறோம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தாய்மார் யாராவது வர விரும்பினால் கொஞ்சம் காத்திருந்து கூட்டிப்போவோம். மகளையும் கூட்டி வாருங்கள்.